எச்.பி.யைக் கேட்கும் முன் எடையைக் கேளுங்கள்

1967-இல் இங்கிலாந்தின் எம்ஜி நிறுவனம், நன்றாக விற்றுக்கொண்டிருந்த தன் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து நான்கு சிலிண்டர் எஞ்சினை எடுத்துவிட்டு ஆறு சிலிண்டர் எஞ்சினை வைத்தது. எம்ஜிசி என்று பெயரிட்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1973-இல், அதே எம்ஜிபியில் எட்டு சிலிண்டர் எஞ்சினை வைத்தது. ஆறு சிலிண்டர் எஞ்சினின் திறன் 145 எச்.பி.; எட்டு சிலிண்டர் எஞ்சினின் திறன் 137 எச்.பி. எண்ணை மட்டும் பார்த்தால் முதல் கார்தான் பலசாலி. ஆனால் ஓட்டிப் பார்த்த பத்திரிகைக்காரர்கள் முதல் காரைக் குறை சொன்னார்கள், இரண்டாவது காரைப் பாராட்டினார்கள். எம்ஜிசி 1969-லேயே நிறுத்தப்பட்டது. வி8 காரும் 2,591 கார்களோடு 1976-இல் நின்றுபோனது என்றாலும், அதை முடக்கியவை அதன் விலையும் 1973 அக்டோபரில் தொடங்கிய எண்ணெய் நெருக்கடியும்தான்.

ஒரே கார், ஒரே தொழிற்சாலை. வேறுபாடு எங்கே வந்தது? எடையில் வந்தது. எம்ஜிசியின் 2,912 சிசி எஞ்சின் முழுக்க வார்ப்பிரும்பு. பழைய நான்கு சிலிண்டர் எஞ்சினைவிட ஏறத்தாழ 95 கிலோ கூடுதல். வி8 எஞ்சினோ 3,528 சிசி கொள்ளளவு இருந்தும் அலுமினியத்தில் வார்க்கப்பட்டது. எம்ஜிபியின் 1,798 சிசி இரும்பு எஞ்சினைவிட அது சற்றே எடை குறைவு. சுமார் 18 கிலோ குறைவு என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. கொள்ளளவு ஏறக்குறைய இரட்டிப்பான பிறகும் காரின் மூக்கு கனக்கவில்லை.

பழைய இலேசான காரில் பெரிய எஞ்சினை வைக்க ஆசைப்படும் எல்லோரும் முதலில் கேட்பது எச்.பி. எவ்வளவு என்றுதான். முதலில் கேட்க வேண்டியது எஞ்சினின் எடை எவ்வளவு, அது காரில் எந்த இடத்தில் உட்காரப்போகிறது என்ற இரண்டையும்தான். இந்தக் கட்டுரை அதை விளக்குவதற்காகவே.

மூக்கில் ஏறும் பாரம்

சைக்கிளின் பின் கேரியரில் அரிசி மூட்டையை வைத்து ஓட்டலாம்; அதே மூட்டையை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டால் வளைவில் திருப்புவது பெரும்பாடு. மூட்டை ஒன்றுதான், இடம்தான் வேறு. காருக்கும் இது பொருந்தும். கணக்காகவே பார்த்துவிடலாம்.

900 கிலோ எடையுள்ள ஒரு சிறிய ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். முன் சக்கரங்கள் 450 கிலோவும் பின் சக்கரங்கள் 450 கிலோவும் தாங்குகின்றன. முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 2.3 மீட்டர். பழைய எஞ்சின் 150 கிலோ, புதியது 230 கிலோ, ஆக 80 கிலோ கூடுதல். எஞ்சினின் எடை மையம் முன் ஆக்சிலுக்கு 20 செ.மீ. பின்னால் இருப்பதாகக் கொண்டால், அந்த 80 கிலோவில் 73 கிலோ முன் சக்கரங்கள் மீது இறங்குகிறது, 7 கிலோ மட்டுமே பின்னால் போகிறது. இப்போது கார் 980 கிலோ. முன்னால் 523, பின்னால் 457. பாதிக்குப் பாதியாக இருந்த பங்கீடு 53-க்கு 47 ஆகிவிட்டது. எடை மையம் ஆக்சிலுக்கு முன்னாலேயே விழும்படி எஞ்சினை வைத்தால் நிலைமை இன்னும் மோசம். அப்போது கூடிய 80 கிலோவுக்கும் மேலான பாரம் முன்னால் சேரும். பின்பக்கம் பழைய எடையைவிடவும் இலேசாகிவிடும்.

மூன்று சதவீதம் என்ன பெரிய மாற்றம் என்று தோன்றலாம். டயரின் குணம் ஒன்றைத் தெரிந்துகொண்டால் அது ஏன் பெரிது என்பது புரியும். டயர் மீது பாரம் கூடினால் அதன் பிடிப்பும் கூடும்; ஆனால் பாரம் கூடிய அதே விகிதத்தில் கூடாது. பத்து சதவீதம் பாரம் ஏற்றினால் பிடிப்பு பத்து சதவீதத்துக்குக் குறைவாகவே ஏறும். வளைவில் திரும்பும்போதோ, பாரம் கூடிய முன்பக்கத்தைத் திருப்ப அந்தப் பாரத்தின் விகிதத்திலேயே பிடிப்பு தேவைப்படுகிறது. தேவை முழுதாகக் கூடுகிறது, கிடைப்பது அரைகுறையாகக் கூடுகிறது. அதனால் முன் டயர்கள் பின் டயர்களுக்கு முன்பே சோர்ந்துவிடுகின்றன. ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் கார் வளைவின் வெளிப்பக்கமாகவே போகப் பார்க்கும். எம்ஜிசி மீது சொல்லப்பட்ட புகார் இதுதான். நின்ற இடத்தில் திருப்பக் கனத்தது. ஓட்டத்தில் மூக்கு உள்ளே வர மறுத்தது. திருப்புவதை இலேசாக்க நிறுவனம் ஸ்டீயரிங்கின் விகிதத்தை மாற்றியது. அதன் விளைவாக ஓட்டுநர் முன்பைவிட அதிகமாகச் சுற்ற வேண்டிவந்தது. துடிப்பாகத் திரும்பும் என்று பெயர் வாங்கிய கார், பெரிய எஞ்சின் வந்ததும் அந்தப் பெயரையே இழந்தது.

ஸ்பிரிங்கும் இதில் அடிபடுகிறது. முன் சக்கரம் ஒவ்வொன்றின் மீதும் 36 கிலோ கூடினால், அந்தக் காலத்து மென்மையான ஸ்பிரிங் இரண்டு செ.மீ.க்கு மேல் அமுங்கிவிடும். காரின் மூக்கு தாழ்கிறது. ஆயில் சம்ப் தரைக்கு அருகே வருகிறது. சக்கரங்களின் சாய்மானம் மாறுகிறது, ஹெட்லைட் வெளிச்சம் கீழே போகிறது. தடிமனான ஸ்பிரிங் போட்டு உயரத்தைச் சரிசெய்யலாம், கூடவே ஷாக் அப்சார்பரையும் மாற்ற வேண்டும். பழைய ஷாக் அப்சார்பருக்குப் புதிய ஸ்பிரிங்கை அடக்கும் தெம்பு கிடையாது. ஒவ்வொரு மேட்டிலும் மூக்கு இரண்டு மூன்று முறை ஆடி அடங்கும்.

எம்ஜிசி விஷயத்தில் ஸ்பிரிங் மாற்றுவதோடு வேலை முடியவில்லை. எஞ்சின் நீளமாகவும் உயரமாகவும் இருந்ததால், எம்ஜிபியின் முன் சஸ்பென்ஷனைத் தாங்கிய குறுக்குச் சட்டம் இருந்த இடத்தையே அது கேட்டது. பொறியாளர்கள் காயில் ஸ்பிரிங்கைக் கைவிட்டு, தரைக்கு அடியில் பின்னோக்கிப் போகும் டார்ஷன் பார் வைத்து முன்பக்கத்தைப் புதிதாக வடிவமைத்தார்கள். 14 அங்குலச் சக்கரம் 15 அங்குலமானது. பானெட் மூடவில்லை என்பதால் அதன் நடுவே ஒரு புடைப்பு, கார்புரேட்டருக்காக அதன் மேல் இன்னொரு சிறு புடைப்பு. ஒரு பெரிய நிறுவனம், தன் சொந்தக் காரில், முழு வடிவமைப்புப் பிரிவையும் வைத்துக்கொண்டு செய்த வேலை இது. அதற்கே இவ்வளவு என்றால், ஒரு பட்டறையில் இரண்டு மூன்று பேர் செய்யும்போது எவ்வளவு யோசிக்க வேண்டும்!

வி8 கதை

அலுமினிய வி8 எஞ்சினின் பிறப்பிடம் இங்கிலாந்து அல்ல, அமெரிக்கா. ப்யூக் நிறுவனம் 1961-இல் கொண்டுவந்த 215 கன அங்குல எஞ்சின் அது. 1963-க்குப் பிறகு அதைக் கைவிட்டுவிட்டது. பிரிட்டிஷ் கார் நிறுவனமான ரோவரின் நிர்வாக இயக்குநர் வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட் அமெரிக்காவில் அதைக் கண்டு, 1965-இல் தயாரிப்பு உரிமையை வாங்கினார். 1967-இல் ரோவர் பி5பி காரில் முதலில் வந்தது. பெரிய கொள்ளளவு, சிறிய உருவம், குறைந்த எடை ஆகிய மூன்றும் ஒன்றாக அமைவது அபூர்வம். அதனால்தான் அடுத்த முப்பது ஆண்டுகள் பிரிட்டிஷ் பட்டறைகளில் எஞ்சின் மாற்றம் என்றாலே ரோவர் வி8 என்ற நிலை இருந்தது.

எம்ஜிபியில் அதை முதலில் வைத்து விற்றவர் நிறுவனத்துக்கு வெளியே இருந்தவர். பந்தய ஓட்டுநரும் மெக்கானிக்குமான கென் காஸ்டெல்லோ 1970-களின் தொடக்கத்தில் தம் பட்டறையில் வி8 எம்ஜிபிகளைத் தயாரித்தார். அவருடைய காரைப் பார்த்த பிறகே எம்ஜியின் தாய் நிறுவனமான பிரிட்டிஷ் லேலண்ட் தன் சொந்த வி8 காருக்கு முனைந்தது. காஸ்டெல்லோவின் கார்களில் பானெட்டில் புடைப்பு இருந்தது. தொழிற்சாலைக்காரர்கள் கார்புரேட்டர்களை எஞ்சினின் பின்பக்கம் கொண்டுபோகும்படி புதிய மேனிஃபோல்டு செய்து புடைப்பே இல்லாமல் பானெட்டை மூடினார்கள். எனக்கு இந்தக் காரில் மிகவும் பிடித்த வேலை அதுதான். எஞ்சினுக்கு இடம் கொடுக்கத் தகரத்தை வெட்டாமல், எஞ்சினின் உறுப்பை இடம் மாற்றினார்கள்.

டிஃபரென்ஷியல் விகிதமும் கவனிக்க வேண்டியது. சாதாரண எம்ஜிபியில் 3.9, வி8 காரில் 3.07. சிறிய எஞ்சின் காரை இழுக்க வேகமாகச் சுற்ற வேண்டும், அதற்காகப் பெரிய விகிதம். வி8-இன் டார்க் 260 நியூட்டன் மீட்டர் அளவில் இருந்தது, எம்ஜிசியின் 230-ஐவிட அதிகம். அதனால் எஞ்சின் நிதானமாகச் சுற்றினாலே போதுமாக இருந்தது. எச்.பி. குறைந்தும் வி8 கார் முந்திச் சென்றதற்கு எடையோடு இந்த இழுவையும் காரணம். பழைய விகிதத்தை அப்படியே விட்டுவிட்டுப் பெரிய எஞ்சினை வைத்தவர்களின் காரில் முதல் கியர் போட்ட மாத்திரத்தில் தீர்ந்துபோகும். நெடுஞ்சாலையில் எஞ்சின் தேவையில்லாமல் கதறும்.

அளவுகோலோடு போன மனிதர்

இரும்பு வி8-ஐச் சிறிய காரில் வைத்து வென்ற கதைகளும் உண்டு. ஏசி கோப்ரா அவற்றில் பிரபலமானது. இங்கிலாந்தின் ஏசி நிறுவனம் தயாரித்த ஏஸ் காருக்கு இரண்டு லிட்டர் பிரிஸ்டல் எஞ்சின் கிடைக்காமல் போனபோது, அமெரிக்கப் பந்தய ஓட்டுநர் கேரல் ஷெல்பி 1961-இல் ஏசிக்குக் கடிதம் எழுதினார்: உங்கள் காரில் அமெரிக்க வி8-ஐ வைக்கலாமா என்று. ஃபோர்டு அப்போதுதான் மெல்லிய சுவர் வார்ப்பு முறையில், இரும்பிலேயே எடை குறைந்த சிறிய வி8 ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. 1962 தொடக்கத்தில் முதல் கோப்ரா கலிஃபோர்னியாவில் ஓடியது. ஷெல்பி எந்த வி8-ஐயும் எடுத்துக்கொள்ளவில்லை, கிடைத்தவற்றில் எடை குறைந்த ஒன்றை எடுத்துக்கொண்டார் என்பதே இங்கே பார்க்க வேண்டியது. அப்படியும் பின் டிஃபரென்ஷியலை வலுவானதாக மாற்ற வேண்டியிருந்தது. பழைய ஸ்டீயரிங் பெட்டி 1963-இல் ரேக் அண்ட் பினியனுக்கு வழிவிட்டது.

பிறகு ஏழு லிட்டர் எஞ்சினை வைக்க முயன்றபோது ஏஸ் காரின் சட்டம் தாங்கவில்லை. 1965-இல் வந்த 427 கோப்ராவுக்குச் சட்டத்தின் முக்கியக் குழாய்கள் 3 அங்குலத்திலிருந்து 4 அங்குலமாகத் தடித்தன. லீஃப் ஸ்பிரிங் போய் காயில் ஸ்பிரிங் வந்தது, உடலின் பக்கங்கள் அகன்றன. எஞ்சினை மாற்றப் போய் காரையே புதிதாகச் செய்துவிட்டார்கள். ஒவ்வொரு காரும் ஓர் எல்லைவரைதான் பெரிய எஞ்சினை ஏற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

சன்பீம் டைகரின் கதை இன்னும் நெருக்கமானது. ரூட்ஸ் நிறுவனத்தின் சன்பீம் ஆல்பைன் அழகான, மெதுவான கார். ரூட்ஸின் அமெரிக்க மேற்குக்கரை மேலாளர் இயன் காரட், தம் சர்வீஸ் மேலாளர் வால்டர் மெக்கென்சியின் கையில் ஓர் அளவுகோலைக் கொடுத்து, கார் விற்பனை நிலையங்களுக்குப் போய் எந்த வி8 ஆல்பைனின் பானெட்டுக்குள் அடங்கும் என்று அளந்துவரச் சொன்னார். அடங்கியது ஃபோர்டின் 260 கன அங்குல எஞ்சின்; ஆல்பைனின் நான்கு சிலிண்டர் எஞ்சினைவிட அது மூன்றரை அங்குலம்தான் நீளம். மாதிரிக் காரைச் செய்துகொடுத்தவர் மறுபடியும் ஷெல்பி. 1964-இல் டைகர் வந்தது. திறன் ஏறக்குறைய இரட்டிப்பு, எடை சுமார் 20 சதவீதம்தான் கூடுதல். எஞ்சினை எவ்வளவு முடியுமோ அவ்வளவு பின்னுக்குத் தள்ளி வைத்ததால் முன்பக்கப் பங்கு 52 சதவீதத்துக்குள் நின்றது.

பின்னுக்குத் தள்ளியதற்கு விலை இருந்தது. எஞ்சினின் பின்பக்க மூலையில் உள்ள ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற பானெட்டைத் திறந்து பயனில்லை. காருக்குள் உட்கார்ந்து, எஞ்சினுக்கும் இருக்கைக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகட்டின் சிறு மூடியைக் கழற்றி, அந்தத் துளை வழியாகக் கையை விட வேண்டும். டைகர் கார்களைப் பூட்டிய ஜென்சன் தொழிற்சாலையில், வண்ணம் பூசி முடித்த உடலின் தடுப்புத் தகட்டைச் சம்மட்டியால் அடித்து உள்வாங்கச் செய்துதான் எஞ்சினை இறக்கினார்கள். ரேடியேட்டருக்குப் போதிய காற்று கிடைக்காமல் சூடேறும் சிக்கலும் டைகரோடு கூடவே வந்தது. கடைசியில் டைகரை நிறுத்தியது இன்னொரு அளவுப் பிரச்சினை. ரூட்ஸைக் கிறைஸ்லர் வாங்கியது. தன் காரில் போட்டி நிறுவனமான ஃபோர்டின் எஞ்சின் இருப்பதைக் கிறைஸ்லர் விரும்பவில்லை. ஆனால் கிறைஸ்லரின் சிறிய வி8-இல் டிஸ்ட்ரிபியூட்டர் பின்பக்கம் இருந்தது, ஃபோர்டு எஞ்சினில் முன்பக்கம். பின்னால் கையளவு இடம்கூட இல்லாத டைகரில் அது நுழையவில்லை. 1967-இல் டைகர் நின்றது.

சென்னை ஹெரால்டின் உறவினர்கள்

நம் வாசகர்களில் பெரியவர்கள் பலருக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நினைவிருக்கும். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 948 சிசி எஞ்சினோடு தயாரித்த அந்தக் கார், 1959-இல் இங்கிலாந்தில் வந்த டிரயம்ஃப் ஹெரால்டுதான். அங்கே அதே சட்டத்தில் 1962-இல் 1.6 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினை வைத்து விட்டெஸ் என்று விற்றார்கள். 1966-இல் அது இரண்டு லிட்டரானது. ஹெரால்டின் உறவான ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கைக் காரிலும் அதே ஆண்டில் அந்த இரண்டு லிட்டர் எஞ்சின் ஏறி, ஜிடி6 என்ற பெயர் பெற்றது.

இந்தக் கார்களின் பின்பக்கத்தில் ஒரு பலவீனம் இருந்தது. ஒவ்வொரு பின் சக்கரமும் டிஃபரென்ஷியலை ஒட்டிய மூட்டிலிருந்து ஊசலாடும் ஆக்சிலின் முனையில் இருக்கும். வளைவின் நடுவே ஓட்டுநர் பயந்து ஆக்சிலரேட்டரை விட்டால் எடை முன்னே பாயும், பின்பக்கம் தூக்கும், சக்கரங்கள் காருக்கு அடியில் மடங்குவதுபோல் உள்ளே சாயும். டயர் தரையை விளிம்பில் மட்டும் தொடும், பிடிப்பு போய்விடும். ஹெரால்டின் வேகத்தில் இது அரிதாகத்தான் வெளியே தெரிந்தது. 95 எச்.பி. வந்த பிறகு, மூக்கும் கனத்த பிறகு, வளைவுக்குள் நுழையும் வேகம் கூடியது. பத்திரிகைகள் கடுமையாக எழுதின. 1968-இல் டிரயம்ஃப் இரண்டு கார்களின் பின் சஸ்பென்ஷனையும் கீழ் விஷ்போன் கொடுத்து மாற்றியமைத்தது. சென்னையில் வேறு காரணத்துக்காக அதே ஆக்சில் கைவிடப்பட்டது. இந்திய வாடிக்கையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அதில் நம்பிக்கை வரவில்லை. 1970-களில் வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் உறுதியான ஒற்றை ஆக்சில் போடப்பட்டது.

இதில் அறிய வேண்டியது ஒன்றுண்டு. புதிய எஞ்சின் எந்தக் குறையையும் புதிதாகப் படைக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே இருந்து, குறைந்த வேகத்தில் மறைந்துகிடந்த குறையை வெளியே இழுத்துவிட்டாலே போதும். முன்பக்கம் எஞ்சின் வைக்கிறோம் என்று முன்பக்கத்தை மட்டும் பார்ப்பது தவறு.

பட்டறையில் என்ன நடக்க வேண்டும்

எஞ்சின் வாங்கும் முன் காரை எடை போடுங்கள். லாரி எடை மேடையே போதும். முழுக் காரையும் ஒருமுறை நிறுத்துங்கள். பிறகு முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி ஒருமுறை நிறுத்துங்கள். ஐந்து பத்து கிலோ முன்பின் இருந்தாலும் பாதகமில்லை. அடுத்து, வாங்கப்போகும் எஞ்சினை கியர்பாக்ஸ், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், மேனிஃபோல்டு எல்லாவற்றோடும் சேர்த்து எடை கேளுங்கள். விற்பவர்கள் வெற்று எஞ்சினின் எடையைச் சொல்வது வழக்கம்; இரும்பு மேனிஃபோல்டும் பெரிய கிளட்சும் சேர்ந்தாலே கணக்கு வெகுவாக மாறிவிடும். மேலே போட்டதுபோல் ஒரு காகிதத்தில் முன்-பின் பங்கைப் போட்டுப் பாருங்கள். முன்பக்கம் 55 சதவீதத்தைத் தாண்டினால் வேறு எஞ்சின் தேடுவதே நல்லது என்பது என் கருத்து. எம்ஜிசி அந்த எல்லையில்தான் மாட்டிக்கொண்டது.

எஞ்சினைப் பின்னே தள்ள இடமிருந்தால் தள்ளுங்கள். முன்பு பார்த்த 230 கிலோ எஞ்சினை இன்னும் 20 செ.மீ. பின்னே வைத்தால் 20 கிலோ பாரம் முன்னிருந்து பின்னே போகிறது. 53 சதவீதம் 51-க்கு இறங்குகிறது. பேட்டரியை டிக்கிக்கு மாற்றினால் இன்னும் கொஞ்சம். இரும்பு சிலிண்டர் ஹெட்டுக்குப் பதில் அலுமினிய ஹெட் கிடைத்தால் அது பெரிய லாபம், ஏனென்றால் அந்த எடை உயரத்திலிருந்தும் குறைகிறது.

பூட்டிப் பார்க்கும் வேலையை வெற்று எஞ்சினை வைத்துச் செய்யுங்கள். உள் உறுப்புகள் இல்லாத பிளாக்கையும் கியர்பாக்ஸ் கூட்டையும் இறக்கினால் தூக்கி இறக்குவது எளிது. சம்ப், ஸ்டீயரிங் ராடு, குறுக்குச் சட்டம் மூன்றும் சந்திக்கும் இடம்தான் பெரும்பாலும் தகராறு. சம்பை வெட்டி வடிவம் மாற்றலாம். ஸ்டீயரிங் உறுப்பை வெட்டி வெல்டிங் வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். பானெட்டுக்கு இடைவெளி பார்க்க ஒரு பழைய முறை உண்டு. ஏர் கிளீனர் மேலும் எஞ்சினின் உயரமான இடங்களிலும் களிமண் உருண்டைகளை வைத்து, பானெட்டை மெல்ல மூடித் திறந்து, நசுங்கிய களிமண்ணின் தடிமனை அளக்க வேண்டும். ரப்பர் மவுண்டிங்கின் மேல் எஞ்சின் ஆடும், அதனால் இரண்டு செ.மீ.க்குக் குறையாமல் இடைவெளி இருக்கட்டும்.

கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பற்றிப் பலர் நீளத்தை மட்டும்தான் யோசிக்கிறார்கள். கியர்பாக்ஸ் வெளித்தண்டின் கோடும் டிஃபரென்ஷியல் பினியனின் கோடும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் குறிப்பிட்ட வேகத்தில் கார் முழுக்க அதிரும். டயர் பேலன்ஸ், வீல் அலைன்மென்ட் என்று எதைச் செய்தாலும் அது போகாது.

பிரேக் விஷயத்தில் சமரசமே கூடாது. 120 கி.மீ. வேகத்தில் போன 900 கிலோ கார், இப்போது 980 கிலோவாகி 160 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வையுங்கள். நிறுத்தும்போது பிரேக் உறிஞ்ச வேண்டிய வெப்பம் ஏறக்குறைய இருமடங்கு. எடை ஒன்பது சதவீதம்தான் கூடியது. மீதியை வேகம் கொண்டுவந்தது, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஆற்றல் கூடுவதால். டிரம் பிரேக்கும் மெல்லிய டிஸ்க்கும் இதைத் தாங்காது. முதல் பிரேக் பிடிக்கும், மலையிலிருந்து இறங்கும்போது ஐந்தாவது பிரேக் கைவிடும். எஞ்சினை முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும் முன்பே பிரேக் வேலை முடிந்திருக்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் பலரும் பிறகு பார்ப்பதில்லை.

ரேடியேட்டரும் அப்படித்தான். பெரிய எஞ்சின் எரிக்கும் பெட்ரோலில் கணிசமான பங்கு வெப்பமாக நீருக்குள் இறங்குகிறது. பழைய ரேடியேட்டர் நெடுஞ்சாலையில் சமாளிக்கும். போக்குவரத்து நெரிசலில் நிற்கும்போது சமாளிக்காது. எஞ்சின் அறையில் இடம் குறைந்திருப்பதால் வெந்த காற்று வெளியேறவும் வழி வேண்டும்.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், எஞ்சினின் விலை மொத்தச் செலவில் சிறு பகுதியாக நிற்கும். மவுண்டிங், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல், ரேடியேட்டர், பிரேக், ஸ்பிரிங், சைலன்சர், வயரிங் என்று போகும் செலவுதான் பாதியில் நின்ற கார்களைப் பட்டறை ஓரங்களில் துருப்பிடிக்க வைத்திருக்கிறது. முழுச் செலவையும் முன்கூட்டியே எழுதிப் பாருங்கள். கையில் அவ்வளவு இல்லையென்றால், இருக்கும் எஞ்சினை நன்றாக ரீபோர் செய்து, அலுமினிய ஹெட், நல்ல கார்புரேட்டர், ஐந்து கியர் பாக்ஸ் போட்டுக்கொள்வது எவ்வளவோ மேல். காரின் சமநிலை கெடாது.

சட்டம் என்ன சொல்கிறது

பிரிட்டனில் மாற்றியமைத்த பழைய கார் தன் அசல் பதிவெண்ணைத் தக்கவைக்க நீண்ட காலம் ஒரு புள்ளி முறை இருந்தது. காரின் அடிச்சட்டம் அல்லது உடற்கூட்டுக்கு 5 புள்ளி. சஸ்பென்ஷன், ஆக்சில், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் 2. எஞ்சினுக்கு 1 மட்டும். அடிச்சட்டத்தின் 5 உட்பட எட்டு சேர வேண்டும். ஒரு காரின் அடையாளத்தில் எஞ்சினுக்குக் கிடைத்த பங்கு அவ்வளவுதான்.

இந்தியாவில் நிலைமை வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி.யில் உள்ளவை மாறும்படி வாகனத்தை மாற்றத் தடை விதிக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. பழுதான எஞ்சினுக்குப் பதில் அதே தயாரிப்பு, அதே வகை எஞ்சினை ஆர்.டி.ஓ. அனுமதியோடு போடலாம், வேறு நிறுவனத்தின் பெரிய எஞ்சினைப் போட்டுச் சாலையில் ஓட்ட முடியாது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் கைவிரிக்கலாம். சட்டம் இடம் தராத ஊரில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

இடம் தரும் ஊரில் இருந்தால் ஒரே ஒரு வேண்டுகோள். பழைய காரின் அசல் தகரத்தை வெட்டாமல், போல்ட் போட்டுக் கழற்றக்கூடிய மவுண்டிங்குகளோடு வேலையைச் செய்யுங்கள். கழற்றிய எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் தடவி, அவற்றின் எண்களை எழுதி ஒட்டி, காரோடு சேர்த்தே வைத்திருங்கள். அடுத்து அந்தக் காரை வாங்குபவர் பழையபடி ஆக்க விரும்பினால், அவருக்கு அந்த வழி திறந்திருக்கட்டும்.